பத்து சதவீதத்துக்குள்

ஜூலை 14, திங்கள்

தின்பதை எல்லாம் எழுத வேண்டுமாம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், பெயர் நிவேதிதா, இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "சார், ஒரு கடலையை வாயில போட்டாலும் எழுதிருங்க" என்றாள். கோபியில் இருபத்திரண்டு வருசமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். ஊரார் வீடு, ஊரார் தோட்டம், கிணற்றில் பாதிப் பாத்தியம் என்று எழுதிய கை இன்றைக்கு 'இட்லி மூன்று' என்று எழுதுகிறது. போகட்டும், எழுதுவதுதானே நம் தொழில்.

விவரம் இதுதான். என் அக்கா துளசிமணிக்கு ஈரல் சுருங்கிவிட்டது. குடித்துக் கெட்டதல்ல, காப்பியே அளவாகக் குடிக்கிறவள். உடம்பே தன் ஈரலைப் பகையாளியாக நினைத்து அழிக்கிற வியாதியாம். இனி மருந்துக்கு அடங்காது, வேறொருவர் ஈரலில் ஒரு பாகத்தை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும் என்கிறார்கள். மச்சானுக்குச் சர்க்கரை, நெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஆபரேஷன். அவர்கள் மகள் ஓசூரில் ஆறு மாதக் கர்ப்பம். மிச்சம் இருக்கிறவன் நான். இரத்த வகை பொருந்திவிட்டது.

இன்றைக்கு ஸ்கேன் முடிவு வந்தது. என் ஈரலில் இருபத்திநான்கு சதவீதம் கொழுப்பு. பத்துக்குள் வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எடை எண்பத்தாறு கிலோ. அது எண்பதுக்குக் கீழே இறங்க வேண்டும். அக்காவுக்கு அதிகம் போனால் மூன்று மாதம்தான் நாள் கொடுக்க முடியும் என்றார்.

"உங்க கொழுப்பு ஊருக்கே தெரிஞ்சதுதானுங்க. இப்ப ஸ்கேன்லயும் தெரிஞ்சு போச்சு" என்று காரில் சாந்தா சொன்னாள். என் மனைவி. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. மச்சான் முகம் செத்துப்போய் இருந்தது. எனக்கும் மிகுந்த வருத்தம்.

அவிநாசியில் டீக்கு நிறுத்தினோம். உடம்பு திடீரென்று லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு, அதனால் இருக்கும். நல்ல பசியும் எடுத்தது.

இன்றைய உணவு: இட்லி 3. அவிநாசியில் தேங்காய் பன் 2, டீ 1. இரவு தோசை 4.

ஜூலை 16, புதன்

வீட்டில் இருந்த சர்க்கரை டப்பா, நாட்டுச் சர்க்கரை டப்பா, பொங்கலுக்கு வாங்கிய முந்திரி எல்லாவற்றையும் சாந்தா பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். காலையில் ராகிக் கூழ். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறைய அவரைக்காய். கொள்ளு ரசம். இரவு கோதுமை ரவையில் ஏதோ ஒன்று.

"இது என்ன சாந்தா?"

"உப்புமாங்க."

"இதுல எண்ணெயே காணமே."

"உங்க ஈரல்ல இருக்குதுங்க, போதும்."

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. யாரும் பத்திரம் பதிய வர மாட்டார்கள், அதனால் இனிப்புப் பெட்டியும் வராது. எங்கள் தொழிலில் அந்த இனிப்புதான் பெரிய கண்டம். பதிவு முடிந்ததும் வாங்கியவர் இனிப்பும் காரமும் கொண்டு வருவார், முதல் துண்டைப் பத்திரம் எழுதியவன் வாயில் போட வேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் சுண்டிப் போகும். என்னவோ வில்லங்கம் இருக்கிறது போல என்று அந்த மண்ணையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்த வகையில் இருபத்திரண்டு வருசமாக நான் தின்ற மைசூர்பாகுதான் இந்த இருபத்திநான்கு சதவீதம்.

எடை 85.4. கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கவுந்தப்பாடி போய் அக்காவைப் பார்த்தேன். சாந்தா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அக்கா கண்ணெல்லாம் மஞ்சள். கால் இரண்டும் வீங்கி, வயிறு தண்ணீர் கோத்து நிற்கிறது. அந்த நிலையில் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மச்சானைச் சந்தகை பிழிய வைத்து, தேங்காய்ப் பால் எடுத்து, நாட்டுச் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறாள். மனுசனுக்குக் கை விட்டுப் போயிருக்கும்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் ஆகாதுங்க்கா. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

"டாக்டர் என்ன கண்டாரு? ஒரு வாரத்துல எளைச்சுப் போயிட்டயே சாமி. என்ற தம்பிக்கு நான் போடாம வேற யாரு போடுவா? சித்தெ தின்னு."

சாகக் கிடக்கிறவள் போடும்போது எப்படி வேண்டாம் என்பது? மனசு கேட்கவில்லை. அக்கா எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தாள். அவள் இரண்டு வாய் மோர்ச்சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டாள். ஒரு வருசமாகவே பசி செத்துப் போச்சு என்று மச்சான் சொன்னார்.

சந்தகை 3 கிண்ணம்.

ஜூலை 28, திங்கள்

எடை 86.3. தராசு சரியில்லை.

நிவேதிதா போனில் கூப்பிட்டாள். நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். "இப்படிச் சாப்பிட்டா எடை ஏறாதே சார்" என்றாள். எனக்கு எலும்பு கனம், எங்கள் வம்சமே அப்படி என்றேன். "எலும்பு ஒரு வாரத்துல வளராது சார்" என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. அக்கா வீட்டில் பருப்பும் வெல்லமும் உள்ளே வைத்துத் தட்டிய ஒப்புட்டு. சாந்தா கூடவே வந்திருந்தாள், ஆனால் அவளைப் பக்கத்துத் தோட்டத்தில் முருங்கைக்கீரை பறித்து வரச் சொல்லி அக்கா அனுப்பிவிட்டாள். அவள் திரும்புவதற்குள் என் இலையில் நெய் குளமாகி இருந்தது.

"ஏஞ்சாமி, இந்தக் கொழுப்பு கொறையலீன்னா டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"பண்ண முடியாதுன்னுருவாருங்க்கா."

"கட்டாயப்படுத்த மாட்டாங்களா?"

"அதெப்படி? மாட்டாங்க."

"ம்" என்றாள். இன்னொரு ஒப்புட்டு விழுந்தது. பாவம், பயம் அவளுக்கு. பயத்தில் என்னென்னமோ கேட்கிறாள்.

ஒப்புட்டு 3.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரி. எடை 87.1. டாக்டர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அப்புறம் ஹெலன் என்கிற ஒரு அம்மாள், உறுப்பு கொடுப்பவர்களிடம் பேசுவதற்கென்றே இருக்கிறவர், சாந்தாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சென்னியப்பன் சார், இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். கொடுக்க மனசு இல்லைன்னா எந்த நிமிசமும் சொல்லலாம். கடைசி நாள் காலையிலகூடச் சொல்லலாம். உங்க வீட்டுக்கு நாங்க 'மருத்துவக் காரணத்தால பொருந்தலை'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். யாருக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என்னங்க மேடம் பேசறீங்க? என்னை என்னன்னு நெனச்சீங்க? அம்மா போன பொறவு என்னைத் தூக்கி வளத்துனவங்க எங்கக்கா. எட்டு வயசுல இருந்து அவங்க கைச்சோறு. அவங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கத்திவிட்டேன். வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் முகம் சுளிக்கவே இல்லை. "எல்லாரையும் கேட்கறதுதான் சார்" என்றார்.

எல்லாரையும் கேட்பதாக இருந்தால் அந்தக் குரலில் ஏன் கேட்க வேண்டும்? அதுவும் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு? படித்தவர்களுக்கு இங்கிதமே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவ்வளவு கோபம்.

கேன்டீனில் பொங்கல், வடை 2, கேசரி. கோபத்தில் எவ்வளவு தின்றேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. இட்லி 7.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றிலிருந்து நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாந்தா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். சட்டைப் பையில் பால்கோவா காகிதம் இருந்ததை எடுத்து, மடித்து, மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி முகூர்த்தம். இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் வேலாத்தாள் என்று ஒரு அம்மாள், அறுபது வயசு இருக்கும், தம்பியோடு வந்தார். அப்பன் சொத்தில் தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கம் அக்கா தங்கைகள் வழக்கமாகச் செய்வதுதான். இப்படிப்பட்ட பத்திரத்துக்கு எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, விட்டுக்கொடுக்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்பேன். கேட்டேன்.

"யாராச்சும் மெரட்டுனாங்களாம்மா?"

"இல்லீங்க."

பேனாவை எடுத்தார். கீழே வைத்துவிட்டார்.

"பயமா இருக்குதுங்க."

"அப்ப விடுங்க. வில்லங்கச் சான்று சரியில்லைன்னு சொல்லி அனுப்பி வெச்சர்றேன். உங்க தம்பிக்குத் தெரியாது. உங்க மேல ஒரு பேச்சும் வராது."

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எதுக்குங்க பொய் சொல்லோணும்? வேண்டாம்னா சொன்னேன்? பயமா இருக்குதுன்னு தானுங்களே சொன்னேன்" என்றார். தண்ணீர் கேட்டார், குடித்தார். பத்து நிமிசம் கழித்துக் கையெழுத்துப் போட்டார்.

"பயம் போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க போகுது? ஆபீஸ் நேரம் முடிஞ்சுருமில்ல, அதான் போட்டுட்டேன்."

அவர்கள் போன பிறகு என்னால் அடுத்த பத்திரத்தில் ஒரு வரி எழுத முடியவில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் என் அக்கா எனக்கு இதே மாதிரி எழுதிக் கொடுத்தாள், இதே மேசையில். அவளிடம் நான் பயமா என்று கேட்கவில்லை. அக்காதானே என்று, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

சரி, எழுதுகிறேன். ஜூலை 14 அன்று டாக்டர் முடியாது என்றதும் எனக்கு வருத்தம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. தப்பித்தோம் என்று இருந்தது. அவிநாசியில் அந்தப் பன்னை அவ்வளவு ருசித்துத் தின்றது அதனால்தான். வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். ஊசி போடும்போதே முகத்தைத் திருப்புகிறவன் நான். மயக்கம் கொடுத்து எழுந்திருக்காமல் போய்விட்டால்? அதுதான் ஒவ்வொரு நாளும். 'மாட்டேன்' என்று சொல்ல வாய் இல்லை. அதனால் ஒப்புட்டை அந்த வாயில் போட்டுக்கொண்டேன். ஹெலன் மேடம் மேல் எனக்கு என்ன கோபம்? என் மனசில் இருந்ததைச் சத்தமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

தூ! நானும் ஒரு தம்பி.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாந்தாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் முழுதும் கேட்டாள்.

"பயமில்லாம இருந்தாத்தானுங்க உங்களைத் தலை டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றாள். அப்புறம் அழுதாள். "எனக்கு மட்டும் இல்லீங்களா? ஆனா நீங்க ஒளிஞ்சு தின்னுட்டு வந்து மூஞ்சியத் தொடைக்கறதைப் பாக்கறப்பத்தான் தாங்க முடியல."

நாளை காலை நான்கு கிலோமீட்டர் நடக்கிறோம், இரண்டு பேரும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிழைத்திருத்தல் பத்திரம்

கோபிசெட்டிபாளையம், சென்னியப்பன் ஆகிய நான், மேற்படி நோட்டில் கைத்தவறுதலால் அல்லாமல் நன்றாகத் தெரிந்தே எழுதிய பிழைகளை இதன்மூலம் திருத்திக்கொள்வது யாதெனில்: ஜூலை 20, சந்தகை மூன்று கிண்ணம் என்பதை ஆறு என்று வாசிக்கவும். ஆகஸ்ட் 3, ஒப்புட்டு மூன்று என்பதை எட்டு என்று வாசிக்கவும். ஜூலை 22 முதல் 31 வரை மாலை நேரத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருக்கும் இடங்களில் எல்லாம் பேக்கரி என்று வாசிக்கவும். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

நிவேதிதாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து, "இப்பத்தான் சார் எனக்கு வேலையே ஆரம்பிக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒரு விசயம் கண்டுபிடித்தேன். முதல் சோறு முடிந்தவுடன் எழுந்து போய்க் கை கழுவிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்வரை வயிறு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சும். கழுவிய கையோடு திரும்ப வந்து உட்கார மானம் இடம் கொடுப்பதில்லை. சாந்தாவும் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பசியே இல்லை. அப்படியானால் இத்தனை வருசம் இரண்டாவது தடவை போட்டுத் தின்றது யாருக்காக?

எடை 86.0.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெரிய முகூர்த்தம். ஒன்பது பத்திரம், ஒன்பது இனிப்புப் பெட்டி. எட்டுப் பேரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: அக்காவுக்கு ஈரல் கொடுக்கப் போகிறேன், இனிப்பு ஆகாது. அவர்கள் பெட்டியை மூடி வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார்கள், எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒன்பதாவது ஆள், ஒரு பெரிய கவுண்டர், காது கேட்காது. நான் சொல்லச் சொல்ல, "ஆமாமா, நல்ல எடம், நல்ல எடம்" என்று ஜாங்கிரியை என் வாயிலேயே திணித்துவிட்டார். துப்ப மனசில்லை. மாலையில் கூடுதலாக ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். பாவி மனுசன், நல்ல ஜாங்கிரி.

செப்டம்பர் 3, புதன்

எடை 84.2. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவதை இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மச்சானை மொபெட்டில் தூக்குப்போசியோடு அனுப்புகிறாள். திங்கள் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். இன்றைக்கு நெய்ச்சோறு.

"மச்சான், நீங்களே சாப்பிட்டுப் போடுங்க."

"எனக்குச் சர்க்கரை மாப்ள. நீ தின்னேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. இல்லீன்னா அவ அழுவறா" என்றார். கடைசியில் இரண்டு பேருமாகப் போசியை மேசை மேல் வைத்து, மூடியைத் திறக்காமல், முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் போனேன். வீட்டுக்குள் எண்ணெய் வாசம். அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுப்பில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். நிற்க முடியவில்லை, கால் தள்ளாடுகிறது. எனக்குப் பகீர் என்றது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? எண்ணெய்ச் சட்டி மேல விழுந்து தொலைச்சா என்ன ஆவறது?"

"ஒண்ணே ஒண்ணு தின்னு சாமி."

"மாட்டேன்."

"பாதி."

"அக்கா, என்ற எடை எண்பத்தி மூணு. இன்னும் நாலு கிலோ. இப்பப் போயி ஏன் இப்படிப் பண்றீங்க?"

எண்பத்தி மூணு என்று கேட்டதும் அக்கா முகம் வெளிறிவிட்டது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து ஓ என்று அழ ஆரம்பித்தாள்.

"எளைக்காதடா. கையெடுத்துக் கும்படறேன், எளைக்காத. உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் சாந்தா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உன்னத் தூக்கி வளத்துனது இப்படி அறுத்துத் திங்கறதுக்கா? வேண்டாம்னு நேரா சொன்னா நீங்க யாரும் கேக்க மாட்டீங்க. கொழுப்பு இருந்தா டாக்டரே வேண்டாம்னுருவாருன்னு தான் சொன்னயே. நீ குண்டா இரு சாமி. குண்டா உசுரோட இரு."

எனக்கு ஒரு நிமிசம் மூளை ஓடவில்லை. அந்தச் சந்தகை, அந்த நெய், சாந்தாவைக் கீரை பறிக்க அனுப்பியது, போசி போசியாக வந்தது எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. அடி என் அக்கா! வேண்டுமென்றே போட்டிருக்கிறாள்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அழுகிறவள் முன்னால் அப்படிச் சிரித்தேன்.

"ஏண்டா சிரிக்கற?"

"அக்கா, நானும் அதுக்குத்தானுங்க தின்னேன்."

சொல்லிவிட்டேன். அவள் காலடியில் உட்கார்ந்து, அவிநாசிப் பன்னிலிருந்து பால்கோவா காகிதம்வரை ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு ஆபரேஷன் என்றால் பயம், உங்களைவிட என் உசுரு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது, அழுகிறாள் என்று நிமிர்ந்தால் அவளும் சிரிக்கிறாள். "அடப் பாவி! அப்ப நானா போட்டேன்? நீயா கேட்டு வாங்கித் தின்னுருக்கற!"

சத்தம் கேட்டு மச்சான் தோட்டத்திலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தார். என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து வந்தவர், நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அக்காவிடம் சொன்னேன். பயம் இன்னும் இருக்கிறது, போகவில்லை, போகாது போலிருக்கிறது. ஆனால் கொடுக்க மனசு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். "நீங்க எனக்கு அந்த ஒரு உதவி மட்டும் பண்ணுங்க்கா. எனக்குச் சோறு போடாதீங்க" என்றேன். "சரி" என்றாள்.

மார்பிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இன்று மத்தியானம் கொள்ளுக் கடைசல், ஒரு கரண்டிச் சோறு. அக்காவே போட்டாள். போட்டுவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா இப்போது சாந்தாவை மிஞ்சிவிட்டாள். மச்சான் மகள் அனுப்பிய பிஸ்கட்டை நான் பார்த்தேன், தொடக்கூட இல்லை, "கண்ணு அங்க என்ன?" என்று ஒரு அதட்டல். எடை 81.6.

செப்டம்பர் 20, சனி

அக்காவை மறுபடி சேர்த்துவிட்டார்கள். பேச்சு குழறுகிறது. ஒரு தடவை என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காலையில் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். பசியில்லை, சாந்தா திட்டிச் சாப்பிட வைத்தாள். பட்டினி கிடந்தாலும் ஈரல் கெடுமாம்.

செப்டம்பர் 29, திங்கள்

எடை 79.2. ஸ்கேன்: ஒன்பது சதவீதம்.

ஒன்பது! டாக்டரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "ஒன்பது சார், ஒன்பது" என்றார். நிவேதிதா ஓடி வந்து கை கொடுத்தாள். இந்தத் தடவையும் அப்பாடா என்று வந்தது. போன தடவை வந்தது வேறு அப்பாடா.

அக்டோபர் 3, வெள்ளி

உறுப்பு கொடுக்க அனுமதி தரும் குழு. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கேமரா வேறு. நடுவில் இருந்த டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கு உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்துனாங்க."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஹெலன் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு?"

"எங்கக்கா. குடுக்க வேண்டாம்னு. ஒப்புட்டுப் போட்டு."

முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைசியில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்குதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

அக்டோபர் 8, புதன்

நாளை காலை ஆறு மணிக்கு. இன்று கஞ்சி மட்டும். அக்கா படுக்கைக்குப் போனேன். தெளிவாக இருந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சாந்தா தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டு ஒரே சேலையை நான்கு தடவை மடிக்கிறாள். போகிறேன்.

அக்டோபர் 15, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். தையல் வயிற்றைக் குறுக்கே பிடித்து இழுக்கிறது. இருமினால் ஏழுலோகமும் தெரிகிறது. என் பக்கம் எல்லாம் நல்லபடி, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

அக்காவைப் பற்றித்தான் ஐந்து நாள் யாரும் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. புது ஈரல் வேலை செய்ய வேண்டும், பார்க்கலாம், பார்க்கலாம் என்பார்கள். நேற்று மஞ்சள் இறங்க ஆரம்பித்தது என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை ஆயிரம் பேருக்குப் 'பார்க்கலாம்' என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு மச்சான் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு துடிக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க மச்சான்?"

"கஞ்சி கேட்டாளாமா மாப்ள."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஒரு கிண்ணம். முழுசும் குடிச்சுப் போட்டு..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தையல் தெறிக்கக் கத்தினேன். "குடிச்சுப் போட்டு என்னாச்சு? சொல்லுங்க!"

"இன்னொரு கிண்ணம் வேணும்ங்கறாளாமா. பத்தலையாமா. நர்ஸம்மாகிட்டச் சண்டை போடறாளாமா."

சாந்தா சுவரில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுதால் தையல் வலிக்கிறது, சிரித்தால் அதைவிட வலிக்கிறது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. டாக்டரைக் கேட்டார்களாம். பாதி கொடுக்கலாம் என்றாராம்.

இன்றைய உணவு: எனக்கு ரசம் சோறு, ஒரு கிண்ணம், ஒரு தடவை. அக்காவுக்குக் கஞ்சி, ஒன்றரைக் கிண்ணம்.